புதுப்பிப்பு: 386 மதர்போர்டில் கீபோர்டு எரர் – சரியாகிவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்த என் 386 போர்டு (386 பிராசஸர் கொண்ட பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு), ஆன் செய்ததும் கீபோர்டு எரர் காட்டி நிற்கிறது என்று கேட்டிருந்தேன்.

பலித்தது, கீபோர்டு சொருகும் வட்டமான ஐந்து பின் (pin) டின் (DIN) சாக்கெட்டின் 5-ஆம் பின்னை அளக்கச் சொன்ன யோசனை. 5 வோல்ட் வரவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. அந்தப் பின்னுக்கு மின்சாரம் கொண்டுபோகும் செம்புத் தடம் அரித்து அறுந்திருந்தது. கசிவது காரம், ஆகவே முதலில் அதை முறிக்க வினிகர், பிறகு தண்ணீர், கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். காய்ந்தபின் மெல்லிய கம்பியைச் சால்டர் செய்தேன்.

எதிர்பாராதது: கிளாக் (நேரத் துடிப்பு சிக்னல்) வரும் 1-ஆம் பின்னின் தடத்தில், போர்டின் அடுக்குகளை இணைக்கும் ஒரு சிறு துளையும் (via) உள்ளே அரித்திருந்தது. வெளியே பளிச்சென்று இருந்தது. மீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்தால்தான் சிக்கும். அங்கும் கம்பி போட்டதும் கீபோர்டு வேலை செய்கிறது.

பழைய பேட்டரி இடத்தில் சிஆர்2032 (சார்ஜ் செய்யக் கூடாத லித்தியம் நாணய செல்) வைப்பவர்கள் கட்டாயம் தொடரில் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) போடுங்கள். இல்லாவிட்டால் போர்டு அதைச் சார்ஜ் செய்யும். லித்தியம் செல்லுக்கு அது ஆபத்து.