9 சிலிண்டர் ரேடியல் மாடல், வால்வு டைமிங் உதைக்குது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

காத்தாடி:
ரைட் வேர்ல்விண்ட் ஜே-5ங்கிற ரேடியல் விமான இன்ஜினை (நடுத்தண்டைச் சுத்தி சிலிண்டர் எல்லாம் நட்சத்திரம் மாதிரி நிக்குமே) பாத்து ஒரு மாடல் 3டி பிரிண்ட் பண்ணியிருக்கேன், 1927-ல லிண்ட்பெர்க் நியூயார்க்ல இருந்து பாரிஸுக்கு முப்பத்திமூணரை மணி நேரம் நிக்காம பறந்தாரே அந்த இன்ஜின். சின்ன மோட்டார் வச்சு சுத்துறேன். 1-ம் சிலிண்டர்ல வால்வு கரெக்டா திறக்குது, 3-ல கிட்டத்தட்ட ஒரு ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு தடவை மேலயோ கீழயோ போற அளவு) முன்னாடியே திறந்துடுது, 5-க்கு போனா சுத்தமா குழப்பம். மூணு நாளா மண்டை காயுது.

ஸ்பேனர்12:
ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் எரியற வரிசை, என்ன வச்சிருக்கீங்க? வரிசையா 1-2-3ன்னு போட்டா வேலைக்கு ஆகாது.

காத்தாடி:
இல்ல ப்ரோ 1-3-5-7-9-2-4-6-8 தான். கேம் ரிங்ல (வால்வைத் திறக்கிற வளையம்) 4 லோப், அதாவது வால்வைத் தள்ளுற மேடு. கிராங்க் (நடுத்தண்டு) 8 சுத்துக்கு கேம் 1 சுத்து.

மழைக்குருவி:
இது சிலிண்டரே சுத்துற டைப் தானே? முதல் உலகப்போர் பிளேன்ல பாத்திருக்கேன்

ஸ்பேனர்12:
அது ரோட்டரி நண்பா, நோம், லெ ரோன் எல்லாம் அந்த வகை. இதுல சிலிண்டர் அசையாது, கிராங்க் மட்டும்தான் சுத்தும், ஓடுற காத்தே சிலிண்டர் மேல இருக்கிற ஃபின் (மெல்லிசு தகடு) வழியா சூட்டை எடுத்துட்டு போயிடும். ரேடியேட்டர், தண்ணி எதுவும் வேணாம், 220 குதிரைத்திறனுக்கு எடை சுமார் 230 கிலோதான். எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளிய போற வால்வு) தண்டுக்குள்ள சோடியம் வேற ஊத்தி வச்சிருப்பாங்க, சூட்டுல அது உருகி குலுங்கி வெப்பத்தை மேல கடத்திடும், சாம் ஹெரான்ங்கிற இன்ஜினியர் பண்ண வேலை. எனக்கு லிண்ட்பெர்க்கை விட 1928-ல ஆஸ்திரேலிய பைலட் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் இதே இன்ஜின் மூணு வச்சு பசிபிக்கை தாண்டினதுதான் பெருசு.

பழையபிஸ்டன்:
கதை அப்புறம் பேசலாம் தம்பிகளா. காத்தாடி, உங்க கேம் கிராங்க் சுத்துற பக்கமே சுத்துதா, எதிர்ப்பக்கமா?

காத்தாடி:
அதே பக்கம்தான் சார்

பழையபிஸ்டன்:
அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. 4 லோப்னா கேம் எதிர்ப்பக்கம் சுத்தணும். கணக்கு போட்டு பாருங்க: ஒரு ஃபயரிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கிராங்க் 80 டிகிரி திரும்பும், கேம் 10 டிகிரி. லோப் இடைவெளி 90, அடுத்து எரியற சிலிண்டர் இருக்கிறது 80 டிகிரி தள்ளி, அப்ப லோப் 10 டிகிரி பின்னாடி வந்தாதான் ரெண்டும் சேரும். உங்களுக்கு 10 முன்னாடி போயிடுது, அதனால 3-ல 20 டிகிரி தப்பு, 5-ல 40, அப்படியே ஏறிட்டே போகும். அதே பக்கம்தான் சுத்தணும்னா 5 லோப் போட்டு பத்துல ஒரு பங்கு வேகம் வைங்க. இல்லாட்டி ரெண்டு கியருக்கு நடுவுல இன்னொரு கியர், ஐட்லர்னு சொல்வாங்க, அதைச் சேருங்க, ரேஷியோ மாறாது, திசை மட்டும் திரும்பும்.

காத்தாடி:
ஐட்லர் போட்டேன் சார், ஒன்பதும் வரிசையா திறக்குது!! ரொம்ப தேங்க்ஸ். 6-ல மட்டும் பிஸ்டன் லேசா இடிக்குது, அது நான் மாஸ்டர் ராடுல (மத்த பிஸ்டன் ராடு எல்லாம் மாட்டுற பெரிய ராடு) பின் ஓட்டையை கோணலா பிரிண்ட் பண்ணது, இன்னிக்கு நைட்டு திரும்ப அடிக்கணும்.