ஒன்டாரியோவில் படிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு கனடாவில், ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "ஒண்ணும் பயப்படாதீங்க" என்கிறார் ஏஜென்ட். ஆனால் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருப்பது 2023ஆம் ஆண்டுக் கட்டணப் பட்டியல்! 2024இல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது. செலவுக்குக் காட்ட வேண்டிய பணம் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆனது, அப்புறமும் ஏறியது. வெளிநாட்டு மாணவர் வரத்து குறைந்ததால் அங்கே பல கல்லூரிகள் சில படிப்புகளையே நிறுத்திவிட்டன. அப்பாவோ ரப்பர் தோட்டத்தை ஈடு வைக்கத் தயாராக நிற்கிறார்.

சமீபத்தில் நம்ம பக்கத்திலிருந்து போனவர்கள் சொல்லுங்கள்: படிப்பு பாதியில் நின்றால் கட்டிய பணம் திரும்புமா? உங்கள் வகுப்பில் இப்போது எத்தனை பேர்? பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம்.