கோப்பை வாங்கி 16 நாளில் ஆஞ்சை அனுப்பியது சரியா?

சேவற்கொடி:
நேற்று (2025 ஜூன் 6) நம் டாட்டனம் கால்பந்து கிளப் நிர்வாகம் மேனேஜர் ஆஞ்ச் போஸ்டகோக்லுவை நீக்கிவிட்டது. மே 21-ம் தேதி ஸ்பெயினில் பில்பாவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்து, ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினோம். சரியாக 16 நாள். 2008 லீக் கப்புக்குப் பிறகு ஒரு கோப்பையும் பார்க்காத கிளப் இது. ஐரோப்பியக் கோப்பை என்றால் 1984-க்குப் போக வேண்டும். அதைக் கொண்டுவந்து கொடுத்த மனிதருக்கு அடுத்த சீசனின் முதல் நாளைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

நீக்கியதைவிட, சொன்ன காரணம்தான் ஆத்திரம் மூட்டுகிறது. கடைசி 66 லீக் ஆட்டத்தில் 78 பாயின்ட்தான் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அவர் இருந்த 2 சீசனில் லீக் ஆட்டம் மொத்தம் 76. விட்டுப்போன அந்த 10 ஆட்டம் எது? அவர் வந்த புதிதில் ஆடிய முதல் 10. அதில் 8 வெற்றி, 2 டிரா, 26 பாயின்ட். நம் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் நம் முக்கிய கோல் வீரர் ஹாரி கேனை ஜெர்மனியின் பயர்ன் கிளப்புக்கு விற்றார்கள். அப்படி மிச்சமிருந்த அணியை வைத்து எடுத்த 26 அது. அதை வெட்டி எடுத்துவிட்டு மீதியை மட்டும் கூட்டிக் காட்டினால் அது நியாயமான கணக்கா?

கணக்குப்பிள்ளை:
சரி, அந்த 26-ஐயும் சேர்த்தே கூட்டுவோம். 76 ஆட்டத்தில் 104 பாயின்ட். ஆட்டத்துக்கு 1.4 கூட வரவில்லை. முதல் சீசனில் 66 பாயின்ட் எடுத்து 5-ம் இடம், அதை நானும் பாராட்டினேன். இந்த சீசன்? 11 வெற்றி, 5 டிரா, 22 தோல்வி, 38 பாயின்ட், 17-ம் இடம். பிரீமியர் லீக் வந்த பிறகு நாம் இதற்குக் கீழே முடித்ததே கிடையாது. நமக்குக் கீழே இருந்தது லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மட்டும்தான். மூன்றும் கீழ் டிவிஷனுக்கு இறங்கிப்போய்விட்டன. இந்த வருடம் அந்த மூன்று அணிகளும் அவ்வளவு மோசமாக இல்லாமல் இருந்திருந்தால், பில்பாவுக்குப் போவதற்கு முன்பே நாம் வேறு கவலையில் இருந்திருப்போம்.

கோப்பைக்கு நன்றி, மனமார்ந்த நன்றி. ஆனால் 22 தோல்விக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஹைலைன்:
22 தோல்வி, 22 தோல்வி என்று எல்லோரும் சொல்கிறீர்கள். யாரை வைத்துத் தோற்றோம் என்று ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். டிசம்பர், ஜனவரியில் ரொமேரோ இல்லை, வான் டி வென் இல்லை, உடோகி இல்லை, கோல்கீப்பர் விகாரியோ கணுக்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தார். 18 வயது ஆர்ச்சி கிரே சென்டர் பேக், அதாவது நடு டிஃபெண்டர். லீட்ஸிலிருந்து வாங்கும்போது அவர் மிட்ஃபீல்டர், ஃபுல் பேக். அந்தப் பையன் வாரத்துக்கு 2 மேட்ச் அந்த இடத்தில் நின்று ஆடினான். எந்த மேனேஜரைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த 2 மாதத்தில் என்ன செய்திருப்பார் என்று சொல்லுங்கள்.

தெற்கு மேடை:
நான் சொல்கிறேன் தம்பி. காயம் பட்டவர்களை முழுதாகக் குணமாகும் வரை உட்கார வைத்திருப்பார். டிசம்பர் 8, செல்சீ நம் மைதானத்துக்கு வந்தது. ரொமேரோ, வான் டி வென் ரெண்டு பேரும் ஓய்விலிருந்து திரும்பி வந்த மேட்ச் அது. ரெண்டு பேருமே அதே மேட்சில் மறுபடி காயத்தோடு வெளியே போனார்கள். 2-0 என்று முன்னிலையில் இருந்தோம், 3-4 என்று தோற்றோம். வானத்திலிருந்து விழுந்த காயமா அது? டிஃபெண்டர் ஒவ்வொரு முறையும் பாதி மைதானம் திரும்பி ஓடியாக வேண்டும் என்கிற ஆட்டத்தை யார் ஆட வைத்தது? பின்தொடைத் தசை எத்தனை மாதம் தாங்கும்?

உள்ளூரில் எதையெல்லாம் பார்த்தோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இப்ஸ்விச்சின் சீசன் முதல் வெற்றியே நம் மைதானத்தில்தான், 1-2. லிவர்பூல் 3-6. லெஸ்டர் 1-2. கோப்பை வாங்கி 4 நாள் கழித்து பிரைட்டன் 1-4. ஒவ்வொரு மேட்சிலும் ஒரே ஓட்டை. அதை அடைக்க ஒரு முயற்சிகூட நடக்கவில்லை.

ஹைலைன்:
அதே அணிதான் நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று அடித்தது அண்ணே. அதையும் பட்டியலில் சேருங்கள். யுனைடெட்டை இந்த ஒரு சீசனில் 4 முறை ஜெயித்தோம். என் வாழ்நாளில் இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

இன்னொன்று. 2023 நவம்பர் 6, செல்சீயோடு 1-4 என்று தோற்றோமே, அந்த இரவு. ரொமேரோ சிவப்பு அட்டை, உடோகி சிவப்பு அட்டை, வான் டி வெனும் மேடிசனும் காயம். 9 பேர். அப்போதும் டிஃபென்ஸ் வரிசை நடுக்கோட்டில் நிற்கிறது, விகாரியோ பெட்டியை விட்டு வெளியே ஓடிவந்து பந்தை உதைக்கிறார். தோற்ற பிறகும் மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. நான் இந்த கிளப்பை நேசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து பயந்து பயந்து ஆடித்தான் பார்த்திருக்கிறேன். முதல் தடவையாகப் பயமில்லாமல் ஆடினோம். அது எனக்குப் பெரிய விஷயம்.

கணக்குப்பிள்ளை:
அந்த இரவு எனக்கும் பிடித்தது. ஆனால் அந்த மேட்சிலிருந்துதான் நிர்வாகம் சொல்லும் அந்த 66 தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். பயமில்லாமல் ஆடுவது எப்படி என்று நாம் கற்றுக்கொண்டோம், நம்மை எப்படி அடிப்பது என்று மற்ற அணிகளும் கற்றுக்கொண்டன. அதற்கு மாற்று ஏற்பாடு ஒன்றரை வருடமாக வரவே இல்லை.

சேவற்கொடி:
வந்ததே! பில்பாவில் வந்தது. ஃபைனலில் பந்து நம்மிடம் இருந்தது மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை. இறங்கி நின்று ஆடினோம். 42-வது நிமிடத்தில் சார் கிராஸ் போட்டார், யுனைடெட்டின் லூக் ஷா மேலே பட்டு பந்து தடுமாறியது, பிரெனன் ஜான்சன் காலை நீட்டினார், கோல். அப்புறம் 68-வது நிமிடம். விகாரியோ பந்தைப் பிடிக்காமல் நழுவவிட்டார், யுனைடெட்டின் ஹொய்லுண்ட் தலையால் முட்டிவிட்டார், கோல் காலியாகக் கிடக்கிறது. வான் டி வென் பின்னால் ஓடிவந்து, காற்றில் படுத்த மாதிரி காலை மேலே தூக்கி, கோட்டிலிருந்து அந்தப் பந்தை எடுத்தாரே! அந்த ஒரு நொடிக்கு எத்தனை வருடம் காத்திருந்தோம்? கடைசியில் கெவின் டான்சோவை இறக்கி ஐந்து பேர் டிஃபென்ஸ். ஆஞ்சுக்கு ஆட்டத்தை மாற்றத் தெரியாது என்று சொல்பவர்கள் அந்த 90 நிமிடத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

மேடிசன் இல்லை, குலுசெவ்ஸ்கி இல்லை, பெர்க்வால் இல்லை. மூன்று பேர் இல்லாத மிட்ஃபீல்டோடு ஒரு ஐரோப்பிய ஃபைனலை ஜெயித்துக் கொடுத்திருக்கிறார்.

லீக்கை விட்டுவிட்டு ஐரோப்பாவைப் பிடிப்பது என்று முடிவெடுத்தது மேனேஜர் மட்டுமா? ஐரோப்பாவுக்கு முன்னுரிமை கொடுத்தோம் என்று நிர்வாகமே அதே அறிக்கையில் ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த முடிவால் வந்த கோப்பையையும் சாம்பியன்ஸ் லீக் இடத்தையும் கிளப் எடுத்துக்கொள்ளும், அதே முடிவால் வந்த தோல்வியை மட்டும் அவர் தலையில் கட்டும் என்றால் எப்படி?

கணக்குப்பிள்ளை:
இந்த இடத்தில்தான் எனக்கு உங்களோடு முழு வேறுபாடு. ஐரோப்பாவுக்காக லீக்கை விட்டோம் என்று சொல்வது பாதி உண்மைதான். ஜனவரி 26, லெஸ்டரிடம் தோற்ற அன்று நிலவரம் என்ன? 23 ஆட்டம், 24 பாயின்ட், 15-ம் இடம், 13 தோல்வி. யூரோப்பா நாக் அவுட் சுற்று நமக்குத் தொடங்கியது மார்ச்சில்தான், ஆல்க்மாரில். அதாவது 22-ல் 13 தோல்வி எதையும் விட்டுக்கொடுக்காமல், முழு முயற்சியோடு ஆடியபோதே வந்தது. லீக் கையை விட்டுப் போன பிறகுதான் ஐரோப்பாவைப் பிடித்துக்கொண்டோம்.

சேவற்கொடி:
அந்த 13-ல் எத்தனை, ஆர்ச்சி கிரே சென்டர் பேக்காக நின்றபோது வந்தது? மேலே ஹைலைன் கேட்ட கேள்விக்குத்தான் மறுபடி வருகிறோம். ஜனவரி பரிமாற்றச் சந்தை திறந்து ஒரு மாதம் ஓடியது. டான்சோ வந்து சேர்ந்தது மாதக் கடைசி தாண்டி. அது மேனேஜர் வேலையா, நிர்வாகத்தின் வேலையா?

பழைய லேன்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ரெண்டு பக்கமும் வரலாற்றை விட்டுவிட்டீர்கள்.

நம் கிளப்பில் கோப்பை வாங்கிய மேனேஜர்கள் கதை எல்லாமே இப்படித்தான். 1984-ல் யூயெஃபா கப் வாங்கிய கையோடு கீத் பர்க்கின்ஷா நிர்வாகத்தோடு ஒத்துவராமல் கிளம்பினார். 1999-ல் லீக் கப் வாங்கிய ஜார்ஜ் கிரகாமை 2001 மார்ச்சில் அனுப்பினார்கள். 2008 பிப்ரவரியில் வெம்பிளியில் செல்சீயை 2-1 என்று ஜெயித்தாரே ஹுவாண்டே ராமோஸ், அவரை அதே வருடம் அக்டோபரில் அனுப்பினார்கள். ஏன் தெரியுமா? 8 ஆட்டத்தில் 2 பாயின்ட், கடைசி இடம். அப்புறம் ஹாரி ரெட்நாப் வந்தார், 2010-ல் 4-ம் இடம், சாம்பியன்ஸ் லீக். ராமோஸைக் கோப்பைக்காக இன்னும் 3 மாதம் வைத்திருந்தால் இரண்டாம் டிவிஷனில் இருந்திருப்போம்.

அதனால் நீக்கியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டேனியல் லெவியை விட்டுவிட மாட்டேன். 2001-லிருந்து இந்த 2025 வரை தலைவர் அவர்தான். அத்தனை வருடத்தில் 2 கோப்பை. பொச்செட்டினோ 2019 ஜூனில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரை கொண்டுபோனார், நவம்பரில் வெளியே. மொரீன்யோவை 2021-ல் லீக் கப் ஃபைனலுக்கு 6 நாள் முன்னால் வெளியே அனுப்பினார்கள். நூனோவுக்கு 4 மாதம். மேனேஜர் மாறிக்கொண்டே இருக்கிறார், நாற்காலியில் இருப்பவர் மாறவில்லை.

தெற்கு மேடை:
லெவி விஷயத்தில் எனக்கும் மறுபேச்சு இல்லை ஐயா. சீசன் பூராவும் மைதானத்துக்கு வெளியே பேனர் பிடித்தவர்கள் சும்மா பிடிக்கவில்லை.

ஆனால் ஆஞ்சை வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு பில்பாவில் எதிரே நின்ற அணியே சாட்சி. போன வருடம் மே 25-ல் எஃப்ஏ கப் ஃபைனலில் சிட்டியை ஜெயித்தது யுனைடெட். லீக்கில் 8-ம் இடம். நீக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கோப்பை வாங்கினாரே என்று மேனேஜர் டென் ஹாகை வைத்துக்கொண்டார்கள், ஒப்பந்தத்தையும் நீட்டினார்கள், கோடைச் சந்தையில் அவர் கேட்ட ஆட்களையும் வாங்கினார்கள். அக்டோபர் 28-ல் அனுப்பினார்கள். 15-ம் இடத்தில் முடித்தார்கள். அந்த ஆட்களை வைத்து இப்போது வேறொருவர் வேறு ஆட்டம் ஆட முயல்கிறார். ஜூனில் எடுக்க வேண்டிய முடிவை அக்டோபரில் எடுத்தால் ஒரு சீசன் முழுதாகப் போய்விடும்.

சேவற்கொடி:
டென் ஹாகோடு ஒப்பிடாதீர்கள். அவரை டிரெஸ்ஸிங் ரூம் கைவிட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். இங்கே? கேப்டன் சன் ஹியுங்-மின் எழுதிய விடைப் பதிவைப் படித்தீர்களா? பெட்ரோ போரோ எழுதியதை? 17-ம் இடத்தில் முடித்த அணியின் ஆட்டக்காரர்கள் மேனேஜருக்காக இப்படி உருகுவதை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? செப்டம்பரில் ஆர்சனலிடம் தோற்ற கையோடு, "என் இரண்டாவது வருடத்தில் எப்போதும் ஏதாவது ஜெயிப்பேன்" என்றார். நாடே அதை வைத்துக் கேலி பண்ணியது. ஆட்டக்காரர்கள் நம்பினார்கள். மே மாதம் அது நடந்தது.

ஹைலைன்:
அடுத்து வருவது தாமஸ் ஃப்ராங்க் என்று பேச்சு. பிரென்ட்ஃபர்டை 10-ம் இடத்தில் முடித்தவர், நல்ல மேனேஜர், மறுக்கவில்லை. இந்த சீசனில் ஆஞ்ச் அவரை ரெண்டு முறையும் ஜெயித்தார், 3-1, 2-0.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு மேட்ச் அது. மீதி 36-ல் ஃப்ராங்க் நம்மைவிட மேலே இருந்தார். 56 பாயின்ட், நம்மைவிடக் குறைந்த பட்ஜெட்டை வைத்து. எதிரணிக்குத் தகுந்த மாதிரி மூன்று பேர், நான்கு பேர் டிஃபென்ஸ் என்று மாற்றிப் போடுபவர். நமக்கு இப்போது தேவை அதுதான்.

சேவற்கொடி:
ஆகஸ்ட் 13, இத்தாலியின் உதினேவில், சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த பிஎஸ்ஜியோடு சூப்பர் கப் இருக்கிறது. அப்புறம் செப்டம்பரில் சாம்பியன்ஸ் லீக். ரெண்டையும் சம்பாதித்துக் கொடுத்தது ஆஞ்ச். அந்த மேட்சுக்காவது டீமை அழைத்துப்போகும் உரிமை அவருக்கு இருந்தது. யார் என்ன கணக்குக் காட்டினாலும் இதில் என் மனசு மாறாது.

தெற்கு மேடை:
சூப்பர் கப் ஒரு இரவு. அதே வாரக் கடைசியில் லீக் தொடங்குகிறது, 38 ஆட்டம். புது ஆள் யாராக இருந்தாலும் ப்ரீ சீசன் முழுதாகக் கிடைக்கட்டும், இந்த மாதத்துக்குள் கையெழுத்து வாங்குங்கள். முதலில் ஒரு சென்டர் பேக்கும் ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரும் வாங்கிக் கொடுங்கள். கிரேவை அவன் இடத்தில் ஆட விடுங்கள்.

ஹைலைன்:
கிரே விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன் அண்ணே.