212 மூட்டைதான், பைதன் நிறுத்தாமல் எண்ணுகிறது

வாவிக்கரை:
களுவாஞ்சிகுடியில் மாமாவின் நெல் ஆலைத் தராசிலிருந்து எடை வாங்க சி பிளஸ் பிளஸில் ஒரு நிரல் எழுதினேன். கணக்குப் பார்ப்பது பைதனில், நடுவில் இரண்டையும் இணைக்கும் பைபைண்ட் 11 நூலகம். ‘மூட்டைகள்’ கிளாஸுக்குள் எடைகளை வரிசையாக வைக்கும் டபுள் வெக்டர் (தசம எண் பட்டியல்) ஒன்று, அவ்வளவுதான். எண்ணிக்கை சொல்லும் லென், கேட்ட எண்ணில் இருப்பதை எடுத்துத் தரும் கெட்ஐட்டம் இரண்டையும் மட்டும் பைதனுக்குக் காட்டியிருக்கிறேன். ஐந்தாவது மூட்டையைக் கேட்டால் சரியான எடை வருகிறது. லென் 212 என்கிறது. ஆனால் ஒவ்வொன்றாக எடுக்க ஃபார் லூப்பில் விட்டால் 213ஆவது மூட்டை 0 கிலோ, அப்புறம் கண்டபடி எண்கள், கடைசியில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிரலே விழுந்துவிடுகிறது. “இவ்வளவு நெல் எந்த வட்டையில விளைஞ்சது மகன்?” என்று மாமா சிரிக்கிறார். லென் இருக்கிறதே, பைதன் அதைப் பார்க்காதா?

கல்லடிப் பாலம்:
பார்க்காது தம்பி. ஃபார் லூப் முதலில் இட்டர் மெதட்டைத் தேடும்; ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரைக் கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் கெட்ஐட்டத்திடம் 0, 1, 2 என்று கேட்டுக்கொண்டே போகும், ‘அந்த எண்ணில் ஒன்றும் இல்லை’ என்ற இன்டெக்ஸ்எரர் வரும்வரை. நீர் உள்ளே சதுர அடைப்புப் போட்டு எடுத்திருப்பீர். வெக்டரில் அது எல்லை பார்க்காது, பக்கத்து மெமரியில் கிடப்பதையும் அள்ளித் தரும். ‘அட்’ போட்டு எடும். எல்லை தாண்டினால் அவுட்_ஆஃப்_ரேஞ்ச் என்ற பிழையை எறியும், பைபைண்ட் அதை இன்டெக்ஸ்எரராக மாற்றிக் கொடுக்கும். ஆனாலும் இது பழைய வழி. பைபைண்டின் மேக்_இட்டரேட்டருக்கு வெக்டரின் பிகின், என்ட் (தொடக்கம், முடிவு) கொடுத்து இட்டரையே எழுதிவிடும்.

வாவிக்கரை:
‘அட்’ போட்டதும் 212இல் நின்றது. அப்புறம் இட்டரும் எழுதினேன். இப்போது வேறு பேய். நேற்றைய மூட்டைகளைத் தரும் ஃபங்ஷனை ஃபார் வரியிலேயே கூப்பிட்டால் மறுபடி குப்பை. வேரியபிளில் வாங்கி வைத்துவிட்டுச் சுற்றினால் ஒரு பிழையும் இல்லை.

அக்கரைப்பற்று அக்கா:
கீப்_அலைவ்<0, 1> போடவில்லைத்தானே? எனக்கும் இதில் ஒரு இரவு போனது. லூப் தொடங்கியதும் பைதன் பிடித்திருப்பது இட்டரேட்டரை மட்டும். மூட்டைகளை யாரும் பிடித்திருக்காததால் அது உடனே அழிந்துவிடும், இட்டரேட்டர் வெறும் இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். 0 என்பது திரும்பி வரும் இட்டரேட்டர், 1 என்பது மூட்டைகள். முன்னது இருக்கும்வரை பின்னதை விடாதே என்று அர்த்தம். இன்னொன்று: சுற்றும்போதே புது மூட்டை சேர்க்காதீர்கள் தம்பி. வெக்டர் இடம் போதாமல் வேறு இடத்துக்கு மாறினால் இதே கதைதான், அதற்குக் கீப்_அலைவ் உதவாது.

வாவிக்கரை:
போட்டேன், சரிவந்தது. நன்றி அக்கா, அண்ணா. மாமாதான் இப்போது 212ஐயும் நம்பாமல் கையால் எண்ணுகிறார்.