வெளி ஆன்டெனா மாட்டிய பிறகு சிக்னல் இன்னும் குறைந்துவிட்டது, உதவுங்கள்

மாடியறை:
சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் சிக்னல் சுமார்தான். அதனால் திசை ஆன்டெனா இரண்டு வாங்கி மொட்டைமாடிக் குழாயில் டவர் பக்கம் பார்த்து மாட்டினேன். 10 மீட்டர் கேபிள் இரண்டு தனியாக வாங்கினேன். ஆன்டெனா இல்லாதபோது ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் வலிமை, பூஜ்யத்தை நெருங்கினால் நல்லது) -106, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு நடுவே சிக்னலின் தெளிவு, கூடினால் நல்லது) 5. மாட்டிய பிறகு -118, -2! மரை எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு நாளாக மாடிக்கும் கீழுக்கும் அலைகிறேன்.

கம்பிவடம்:
திசையைப் பிறகு பார்க்கலாம். முதலில் கேபிளை ரவுட்டரிலிருந்து கழற்றி முனையை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் மெல்லிய ஊசி இருக்கிறதா, இல்லை ஓட்டைதான் இருக்கிறதா?

மாடியறை:
ஓட்டைதான். ரவுட்டரிலும் ஓட்டைதான். இரண்டு கேபிளுமே அப்படித்தான் இருக்கின்றன.

கம்பிவடம்:
அப்போ கோளாறு அங்கேதான். இது வைஃபை ஆன்டெனாக்களுக்கு வரும் ஆர்பி-எஸ்எம்ஏ வகை இணைப்பு முனை. உங்கள் ரவுட்டரின் 4ஜி துளை சாதாரண எஸ்எம்ஏ. இரண்டுக்கும் மரை ஒன்றே என்பதால் கச்சிதமாக ஏறிவிடும், ஆனால் நடுவில் தொடர்பே இருக்காது. ரவுட்டர் பாதிச் செவிடாகத்தான் இருந்திருக்கும். ஊசி உள்ள கேபிளாக மாற்றுங்கள், கையால் திருகினாலே போதும்.

மாற்றும்போது நீளத்தையும் குறையுங்கள். ஆர்ஜி-58 மாதிரி மெல்லிய கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு 6 டெசிபலாவது தின்னும். அதாவது ஆன்டெனா பிடித்ததில் கால்வாசிதான் கீழே வரும். எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிள் 5 மீட்டருக்கு 1 டெசிபல் அளவில் நிற்கும். ரவுட்டரை மாடிக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோங்கள். அங்கிருந்து கீழே லேன் கேபிள் இழுத்துக்கொள்ளலாம், அதில் இந்த இழப்பு கிடையாது.

கூரைக்காற்று:
ஒன்று சேர்க்கிறேன். இரண்டு ஆன்டெனாவும் நேராக நிற்கின்றனவா? ஒன்றை இடப்பக்கம் 45 பாகை, மற்றதை வலப்பக்கம் 45 பாகை சாய்த்துக் கட்டுங்கள், முகம் மட்டும் ஒரே திசையில் இருக்கட்டும். டவரும் பெரும்பாலும் அப்படித்தான் அனுப்புகிறது. இரண்டும் ஒரே சாய்வில் இருந்தால் இரண்டாவது ஆன்டெனாவால் பெரிய பலன் இல்லை.

திருப்பும்போது 10 பாகை திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள், எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள். எனக்கு டவரை நேராகப் பார்த்ததைவிடச் சற்று விலகி எதிர்க்கட்டடச் சுவரைப் பார்த்தபோதுதான் அது ஏறியது.

கம்பிவடம்:
ஆமாம், அப்புறம் மாடியில் இருக்கும் இணைப்புகளில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றிவிடுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

மாடியறை:
ஊசி உள்ள 5 மீட்டர் தடித்த கேபிள் போட்டு, ரவுட்டரை மாடிப்படி அறைக்கு மாற்றிவிட்டேன். போட்டதுமே -95, எஸ்ஐஎன்ஆர் 9. சாய்த்துக் கட்டி மெல்லத் திருப்பியதில் -93, 14 வரை வந்தது. பகலில் வீடியோ அழைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி! இரவு 9 மணிக்கு மேல் மட்டும் ஸ்பீடு இறங்குகிறது, ஆர்எஸ்ஆர்பி அதே -93தான்.

கூரைக்காற்று:
அது டவரில் கூட்டம் சேரும் நேரம், ஆன்டெனாவை இனி அசைக்க வேண்டாம். ரவுட்டரில் பேண்ட் (அலைவரிசை) தேர்வு இருந்தால் அந்த நேரத்தில் வேறு பேண்டை மாற்றிப் பாருங்கள்.