சிங்க்-னா ஒத்திசைவா? சிப்டியூன் சொல்பட்டியலுக்கு ஒரு மாற்று

எல்லாருக்கும் வணக்கம்,

சிப்டியூன் (பழைய வீடியோ கேம் சிப்ல போடற இசை) பகுதிக்கான சொல்பட்டியல்ல சிங்க்-னு (sync) வர்ற இடத்துல எல்லாம் ஒத்திசைவுன்னு போட்டு வச்சிருக்கோம், எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு. போன்ல "தொடர்புகளை ஒத்திசை"ன்னு வருதே, அங்க அந்த சொல் நல்லா பொருந்துது, ஏன்னா இங்க இருக்கற விவரமும் அங்க இருக்கற விவரமும் ஒண்ணாகணும். ரெண்டு கேம்பாயை (நின்டெண்டோவோட கையடக்க கேம் கருவி) கேபிள்ல மாட்டி வாசிக்கறப்ப அப்படி எதுவும் ஒண்ணாகறது கிடையாது. ஒண்ணு பேஸ் வாசிக்கும், இன்னொண்ணு மெலடி வாசிக்கும், பாட்டுல ஒரு ஸ்வரம்கூட கேபிள் வழியா போகாது. போதாக்குறைக்கு இசைன்னு வந்துட்டா ஒத்திசைவை ஹார்மனின்னுதான் பாதி பேர் எடுத்துக்குவாங்க. "இரு கருவிகளும் ஒத்திசைவில் உள்ளன"ன்னு எழுதுனா சுருதி சேர்ந்திருக்கா தாளம் சேர்ந்திருக்கான்னு படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?

கேபிள்ல என்னதான் போகுதுன்னு பார்த்துட்டு சொல் தேடலாம். கேம்பாய் லிங்க் போர்ட்ல ஒரு பக்கம்தான் கடிகாரத் துடிப்பு குடுக்கும், 8 துடிப்பு ஆச்சுன்னா ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு பைட் மாத்திக்கும். துடிப்பு வாங்கற பக்கம் தானா எதையும் ஆரம்பிக்க முடியாது, வந்தா உண்டு வரலைன்னா சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான். கேம்பாய்ல இசை போடற எல்எஸ்டிஜே மென்பொருளை ஓட்டுனவங்களுக்கு இது தெரியும், பின்னாடி போற கேம்பாய்ல ஸ்டார்ட் அமுக்குனா வெயிட்-னு காட்டிட்டு நிக்கும், முன்னாடி போறதுல அமுக்குனப்புறம்தான் ரெண்டும் கிளம்பும். இசைக்கருவிகளை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்க 1983ல வந்த மிடியும் இதே கதைதான். கால் நோட்டுக்கு 24 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் ஒரே ஒரு பைட், அதுல பாட்டு எவ்வளவு வேகம்னு ஒரு நம்பரும் கிடையாது. வாங்கற கருவி எண்ணிக்கிட்டே நடக்குது, ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கற இடைவெளிதான் வேகம். அர்டுயினோபாய்-ங்கற இடைக்கருவி அந்த மிடி துடிப்பை வாங்கி கேம்பாய்க்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்குது.

துடிப்பு குடுக்காம ரெண்டையும் ஒரே நேரத்துல தட்டி விட்டா போதாதான்னு போன தடவை ஒருத்தர் கேட்டிருந்தார். போதாது. நெஸ் (நின்டெண்டோவோட வீட்டு கேம் கருவி) நொடிக்கு 60.10 ஃப்ரேம், அதாவது திரைப் படம், ஓடும் (ஐரோப்பா மாடல்னா 50தான், அதை விடுங்க), கேம்பாய் 59.73. ஃப்ரேமை எண்ணி ஓடுற டிராக்கர்ல (இசை போடற மென்பொருள்) ஒரு அடிக்கு 24 ஃப்ரேம்னு ரெண்டுலயும் வச்சீங்கன்னா ரெண்டுமே 150 பிபிஎம் (நிமிஷத்துக்கு 150 அடி)-னுதான் நினைச்சுக்கும், ஆனா ஒரு நிமிஷம் முடியறப்ப நெஸ் கிட்டத்தட்ட ஒரு முழு அடி முன்னாடி போயிருக்கும். ஒரே மாடல் கேம்பாய் ரெண்டுன்னாலும் தப்பிக்க முடியாது, ஒவ்வொண்ணுக்குள்ளயும் தனி கிரிஸ்டல், பத்து லட்சத்துல 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிஷத்துக்கு 3 மில்லிசெகண்ட் நழுவும், பத்து நிமிஷ செட்ல அது 30, ஸ்னேர் ரெண்டு தடவை அடிக்கற மாதிரி கேக்க ஆரம்பிச்சுடும்.

ஆக இங்க நடக்கறது என்னன்னா ஒரு கருவி தன் கணக்கை விட்டுட்டு இன்னொண்ணோட கணக்குல நடக்குது. அதனால நான் சொல்றது துடியிணைப்பு. வினையா வேணும்னா துடியிணை. துடிங்கறது பழைய பறை ஒண்ணுக்கும் பேரு, அது கூடுதல் லாபம். குடுக்கற கருவி முன்துடி, வாங்கற கருவி பின்துடி, மாஸ்டர்-ஸ்லேவ்க்குன்னு பட்டியல்ல கிடக்கற ஆண்டான்-அடிமையைத் தூக்கிப் போட்டுடலாம்.

---

> நான் சொல்றது துடியிணைப்பு

அண்ணே, காரணம் எல்லாம் சரி, ஆனா துடிப்பை நம்ம ஏற்கனவே வேற இடத்துல செலவு பண்ணிட்டோமே. கேம்பாய்ல இருக்கற நாலு சேனல்ல முதல் ரெண்டுக்கும் பட்டியல்ல "துடிப்பு அலை"ன்னுதான் இருக்கு. நாளைக்கு ஒருத்தர் "துடிப்புத் தடம் 1ஐத் துடியிணைக்கவும்"னு எழுதுவார், படிக்கறவன் ஓடிடுவான். தாளப்பூட்டுன்னு வச்சா என்ன? இல்ல தாளக்கட்டு?

இன்னொண்ணு, மெனுவுல போடறதுக்கும் ஆகணும். கேம்பாய் திரை 160க்கு 144 புள்ளி, எழுத்துக்கு 8க்கு 8 கட்டம், வரிக்கு 20 கட்டம்தான். "ணை"யை ஒரு கட்டத்துக்குள்ள யாரு அடைப்பா?

---

தம்பி, துடிப்பு அலை மோதுதுங்கறது நியாயமான பேச்சு. ஆனா அங்க மாத்த வேண்டியது அந்த அலையோட பேரைத்தான்னு தோணுது. அந்த சேனல்ல துடிக்கறதுன்னு எதுவும் இல்ல, அலை மேல கொஞ்ச நேரம் கீழ கொஞ்ச நேரம்னு நிக்குது, மேல நிக்கற பங்கு 12.5, 25, 50, 75 சதவீதம்னு நாலு விதம். 50ல மட்டும்தான் அது சதுர அலை, மத்ததெல்லாம் செவ்வகம், அதனால எல்லாத்துக்கும் சேர்த்து கட்ட அலைன்னு சொல்லிடலாம். ஆஸிலோஸ்கோப்ல பார்த்தவன் யாரும் மறுக்க மாட்டான்.

தாளப்பூட்டு காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா தாளம்னா நமக்கு ஆதி, ரூபகம்னு ஒரு சுற்று மனசுல வந்துடும். மிடி துடிப்புக்கு சமம் (சுற்றோட முதல் அடி) எங்க இருக்குன்னே தெரியாது, 24ல இது எத்தனாவதுன்னுகூட அந்த பைட் சொல்லாது. ஸ்டார்ட்-னு தனியா ஒரு செய்தி வந்தாத்தான் முதல் அடி எதுன்னு தெரியும். பூட்டுன்னா பிஎல்எல்-ல (ஒரு அலையை இன்னொண்ணோட ஓட்டத்துல பிடிச்சு வைக்கற மின்சுற்று) வர்ற லாக்-குக்கு அப்புறம் வேணும், அதை இப்பவே எடுத்துடாதீங்க. தாளக்கட்டு சுத்தமா வேற விஷயம்.

மெனுவுக்கு "துடி" மட்டும் போதும். பக்கத்துல முன், பின்-னு போட்டா முடிஞ்சுது, "டி"க்கு ரெண்டு கட்டம் குடுத்தாலும் இடம் மிச்சம் இருக்கு.

சொல் வேலைக்கு ஆகுதான்னு சில மின்னணு இசைப் பெட்டிகளை வச்சு எழுதிப் பார்த்தேன். "ரோலண்ட் பெட்டி அடிக்கு 24 துடி, பழைய கோர்க் பெட்டி அடிக்கு 48 துடி, ரோலண்ட்டை முன்துடியா வச்சு கோர்க்கை மாட்டினா கோர்க் பாதி வேகத்துல ஓடும், வோல்காவும் பாக்கெட் ஆபரேட்டரும் அடிக்கு 2 துடிதான் கேக்கும்." எங்கயும் இடறல. இதே வாக்கியத்தை ஒத்திசைவு வச்சு எழுதிப் பாருங்க.

வேற மறுப்பு இல்லைன்னா துடியிணைப்பு, முன்துடி, பின்துடி மூணையும் பட்டியல்ல நான் மாத்திடறேன். கட்ட அலைக்கு நீங்களே தனி இழை ஆரம்பிங்க, அந்த 12.5 சதவீதம் இருக்கே, ட்யூட்டி, அதுக்கு இன்னும் சொல்லே இல்ல.