18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில்: அழுத்தினால் நின்றுவிடுகிறது. பேட்டரியா, மோட்டாரா?

கிச்சன் ஃபிட்டர் (மதுரை):
எல்லோருக்கும் வணக்கம். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் மாட்டும் வேலை செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் 18 வோல்ட் டிரில்லும் இம்பாக்ட் டிரைவரும் (ஸ்க்ரூவைத் தட்டித் தட்டி முறுக்கும் மெஷின்) சேர்ந்த செட் வாங்கினேன். இரண்டுமே பிரஷ்லெஸ். கூட 2 ஆம்பியர் (2 Ah, அதாவது ஆம்பியர்-அவர்) பேட்டரி இரண்டு.

பத்து நாளாக டிரில் மக்கர் செய்கிறது. சும்மா ஓட்டினால் முழு வேகத்தில் சுற்றுகிறது. பிளைவுட்டில் 35 மி.மீ. ஹிஞ்ச் பிட்டை (கதவுக் கீல் உட்காரக் குழி போடும் பிட்) வைத்து அழுத்தினால் மூன்று, நான்கு விநாடி ஓடிவிட்டுச் சட்டென்று நின்றுவிடுகிறது. டிரிக்கரை விட்டுப் பிடித்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பேட்டரி லைட்டில் நான்கு கோட்டில் மூன்று எரிகிறது. புகை, கருகல் வாடை எதுவும் இல்லை. ரிப்பேர் கடையில் காட்டினேன். மோட்டார் போய்விட்டது, 2,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா? இந்த மெஷின்தான் என் சோறு.

ரவுண்டு பிட்:
மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் தம்பி. எனக்கும் இதே மாதிரி ஆனது. 60 ரூபாய்க்கு ஜோடி வாங்கிப் போட்டேன், சரியாகிவிட்டது.

பழைய ஒர்க்‌ஷாப்:
அவர் மெஷின் பிரஷ்லெஸ் என்று எழுதியிருக்கிறார் அண்ணே, அதில் கார்பன் பிரஷ்ஷே கிடையாது.

தம்பி, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் மெஷின் இரண்டு, பேட்டரி இரண்டு. முதலில் பேட்டரிகளுக்கு மார்க்கரால் ‘அ’, ‘ஆ’ என்று எழுதுங்கள். இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்து, ஒவ்வொன்றையும் டிரில்லில் ஒரு முறை, இம்பாக்டில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். டிரில்லுக்கு அதே 35 மி.மீ. பிட். இம்பாக்டுக்கு 75 மி.மீ. ஸ்க்ரூ, கட்டியான மரத்தில். கோளாறு மெஷினோடு போகிறதா, பேட்டரியோடு போகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கியர் 1-இல் (வேகம் குறைவு, முறுக்கு அதிகம்) வைத்துத்தானே 35 மி.மீ. போடுகிறீர்கள்? 2-இல் வைத்தால் நல்ல பேட்டரிகூடத் திணறும்.

கிச்சன் ஃபிட்டர்:
பார்த்துவிட்டேன் அண்ணே. கியர் 1 தான். ‘ஆ’ போட்டால் இரண்டு மெஷினும் அருமையாக ஓடுகின்றன. ‘அ’ போட்டால் டிரில் நிற்கிறது, இம்பாக்ட் ஸ்க்ரூவில் பாதி தூரம் தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இத்தனை நாளும் பெரும்பாலும் ‘அ’வை டிரில்லிலேயே வைத்திருந்ததால் டிரில்தான் கெட்டது என்று நினைத்துவிட்டேன். ஆனால் ‘அ’ முழு சார்ஜில் இருப்பதாகச் சார்ஜர் பச்சை லைட் காட்டுகிறதே, அது எப்படி?

பழைய ஒர்க்‌ஷாப்:
மோட்டார் நன்றாக இருக்கிறது. 2,800 ரூபாய் மிச்சம்.

பச்சை லைட்டை அப்படியே நம்ப முடியாது. 18 வோல்ட் பேட்டரிக்குள் ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்து 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வரை ஏறும், மொத்தம் 21. (சில கம்பெனி ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று போடுவதும் இதே பேட்டரிதான். கூடுதல் சக்தி என்று நினைத்து ஏமாற வேண்டாம்.) கோடு காட்டும் லைட் பெரும்பாலும் மொத்த வோல்ட்டை வைத்துத்தான் எரியும். ஐந்தில் ஒரு செல் சோர்ந்துபோனால் மற்ற நான்கும் அதன் குறையை மறைத்துவிடும். மெஷினை அழுத்தும்போது கரண்ட் ஒரேயடியாக இழுக்கும், அந்தச் சோர்ந்த செல் படுத்துவிடும், உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு உடனே சப்ளையை வெட்டிவிடும். டிரிக்கரை விட்டதும் செல் கொஞ்சம் எழுந்துகொள்ளும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனையிலும் வோல்ட் பாருங்கள்.

கிச்சன் ஃபிட்டர்:
எலக்ட்ரீஷியன் நண்பரிடம் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். ‘ஆ’ 20.8. ‘அ’ 20.2. வாரண்டி முடிந்துவிட்டதால் அவரே ‘அ’வின் டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூ நான்கையும் கழற்றி, ஒவ்வொரு செல்லாகப் பார்த்தார்: 4.17, 4.18, 3.51, 4.17, 4.17. நடுவில் இருக்கும் செல்தான்.

வயர்மேன்:
அப்படியென்றால் ரொம்ப சுலபம். நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து அந்த ஒரு செல்லுக்கு மட்டும் பூஸ்ட் கொடுங்கள். இல்லை, அந்தச் செல்லை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு சால்டர் பண்ணிவிடுங்கள்.

பழைய ஒர்க்‌ஷாப்:
இரண்டுமே வேண்டாம் நண்பரே, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். முழு பேட்டரியின் 20 வோல்ட்டை 3.5 வோல்ட் செல்லுக்கு நேராகக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் சூடாகித் தீப்பிடிக்கலாம். லித்தியம் செல்மேல் சால்டரிங் அயர்ன் வைத்தால் உள்ளே இருக்கும் சீல் உருகிவிடும். ஸ்பாட் வெல்டிங் மெஷினும் நிக்கல் பட்டையும் வைத்திருப்பவர்தான் அதைச் செய்ய வேண்டும். அவர்களும் ஐந்தையும் ஒரே மாதிரி புதுசாகத்தான் மாற்றுவார்கள். பழைய நான்கோடு புதுசு ஒன்றைச் சேர்த்தால் சில மாதத்தில் திரும்பவும் இதே கதைதான்.

தம்பி, பேட்டரியை எங்கே வைப்பீர்கள்? சார்ஜ் எப்போது போடுவீர்கள்?

கிச்சன் ஃபிட்டர்:
பைக் பின்னாடி இரும்புப் பெட்டியில்தான் எல்லா சாமானும். வேலை முடிந்ததும் உடனே கழற்றிச் சார்ஜரில் போட்டுவிடுவேன். சார்ஜர் சில நேரம் லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏறும். போன மாதம் ஒரு அபார்ட்மென்டில் மேல் கேபினட் மாட்ட லிண்டலில் (ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்) ஹேமர் மோடு போட்டு எட்டு ஓட்டை போட்டேன். பேட்டரியைக் கையில் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அது ‘அ’ தான்.

பழைய ஒர்க்‌ஷாப்:
வேலை செய்ததால் இது கெடவில்லை தம்பி, சூட்டில் கெட்டிருக்கிறது. பெரும்பாலான கம்பெனிக் கையேட்டில் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யாதே என்றிருக்கும். சார்ஜர் மினுக்கியது, பேட்டரி ஆறட்டும் என்று காத்திருந்ததுதான். மதுரைக் கத்திரி வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் 40 டிகிரியெல்லாம் சாதாரணம். கழற்றிய பேட்டரியை நிழலில் அரை மணி நேரம் வையுங்கள், தொட்டால் சாதாரணச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். நாள்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் முழுச் சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், பாதியில் வீட்டுக்குள் வையுங்கள்.

அப்புறம் அந்த லிண்டல். டிரில்லில் இருக்கும் ஹேமர் மோடு, பல் வைத்த இரண்டு தட்டு ஒன்றோடொன்று உரசிக் குதிப்பதுதான். செங்கல் சுவருக்குப் போதும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எஸ்.டி.எஸ். ரோட்டரி ஹேமர் வேண்டும், அது காற்றை அழுத்திப் பிஸ்டனால் பிட்டைத் தட்டும். நாள் வாடகைக்கு எடுங்கள். இம்பாக்ட் டிரைவரிலும் சுவரைத் துளைக்கப் பார்க்காதீர்கள், அதன் அடி சுற்றும் பக்கம்தான் விழும், முன்னால் குத்தாது.

பேட்டரி வாங்கினால் 4 ஆம்பியர் பாருங்கள். 2 ஆம்பியர் செல்லே இரண்டு இரண்டாக, மொத்தம் பத்து இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் ஒவ்வொரு செல்லுக்கும் பாதிச் சுமைதான். மெஷின் கொஞ்சம் கனக்கும், ஆனால் சூடு நன்றாகக் குறையும்.

கிச்சன் ஃபிட்டர்:
ரொம்ப நன்றி அண்ணே. இன்னொன்று: பார்ட்டிகிள் போர்டில் ஹிஞ்ச் ஸ்க்ரூ போட்டால் இம்பாக்ட் சில நேரம் ஓட்டையையே பெரிதாக்கி, ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது.

பழைய ஒர்க்‌ஷாப்:
அங்கே இம்பாக்டை எடுக்கவே வேண்டாம். டிரில்லில் கிளட்ச் வளையத்தை 3 அல்லது 4-இல் வைத்துப் போடுங்கள், ஸ்க்ரூ உட்கார்ந்ததும் கடகடவென்று நழுவி நிற்கும். போதவில்லை என்றால் ஒவ்வொரு எண்ணாகக் கூட்டுங்கள். முதலில் வீணான போர்டில் ஒன்று போட்டுப் பார்ப்பது நல்லது.

கிச்சன் ஃபிட்டர் (12 நாள் கழித்து):
4 ஆம்பியர் பேட்டரி ஒன்று வாங்கிவிட்டேன். நேற்று ஒரே சார்ஜில் 35 மி.மீ. ஓட்டை 40 போட்டேன், இரண்டு கோடு மிச்சம் இருந்தது. தொட்டால் வெதுவெதுப்புதான். ‘அ’ பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிட்டேன். பேட்டரியெல்லாம் இப்போது தோள்பையில் சாப்பாட்டு டப்பாவோடு வருகின்றன, பைக் பெட்டியில் ஸ்க்ரூவும் பிட்டும் மட்டும்தான்.